நேபாளக் கம்பளம்: முடிச்சும் நன்று, பின்னால் இருக்கும் எண்ணும் நன்று

கூடத்துக்குப் போட ஒரு நல்ல கம்பளம் வேண்டும் என்று இங்கே ஜெர்மனியில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் நேபாளத்தில் கையால் முடிச்சிட்டு நெய்த ஒன்றை வாங்கினோம். 170க்கு 240 சென்டிமீட்டர், சதுர அங்குலத்துக்கு 80 முடிச்சு, திபெத்திய நெசவு. விலை 2,000 யூரோவைத் தாண்டிவிட்டது.

முதலில் பொருளைப் பற்றி. கம்பளி நல்ல அடர்த்தி, காலுக்கு இதம், பிள்ளைகள் சாறு கொட்டியும் ஈரத்துணியில் ஒற்றி எடுத்ததும் கறை போய்விட்டது. ஆரம்பத்தில் நிறையப் பஞ்சு உதிரும், பயப்பட வேண்டாம், புதுக் கம்பளி அப்படித்தான். வழுக்காமல் இருக்க அடியில் ஒரு விரிப்பு கட்டாயம் போடுங்கள்.

சரி, நான் இதை எழுத உட்கார்ந்ததே அதன் பின்பக்கம் தைத்திருக்கும் குட்வீவ் முத்திரைக்காகத்தான், குழந்தை உழைப்பு இல்லாமல் நெய்தது என்று சான்று சொல்லும் முத்திரை அது.

முன்பு போன ஒரு கடையில் "எங்கள் சரக்கில் குழந்தை உழைப்பு இல்லை" என்று விற்பவர் அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டால், ஏற்றுமதியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அது எனக்குப் போதவில்லை. காத்மாண்டுவில் ஆர்டர் எடுப்பவர் வேலையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பார், அவர் இன்னொரு சின்னக் கொட்டகைக்கோ வீட்டுத் தறிக்கோ தள்ளிவிடுவார், கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்தத் தறியைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். மக்வான்பூர், சிந்துபால்சோக் போன்ற மலை மாவட்டங்களில் பெற்றோர் கையில் முன்பணத்தைத் திணித்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தது இந்த மாதிரி இடங்களில்தான். சின்ன விரல்தான் நல்ல முடிச்சுப் போடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், அது பொய். நுணுக்கமான வேலை தேர்ந்த பெரியவர்களின் கைவேலை. பிள்ளைகளை வைத்துக்கொண்டது கூலி குறைவு, எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதற்காக.

இந்த முத்திரை 1994இல் ரக்மார்க் என்ற பெயரில் இந்தியாவில் தொடங்கியது. பின்னாளில் 2014இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கைலாஷ் சத்யார்த்திதான் அதை முன்நின்று கொண்டுவந்தார். குட்வீவ் என்ற பெயர் 2009இல் வந்தது. ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தறிக்குப் போகிறார்கள், துணை ஒப்பந்தக்காரரின் தறிக்கும் சேர்த்து. ஒவ்வொரு கம்பளத்துக்கும் தனி எண், அதை வைத்து அது எங்கே நெய்யப்பட்டது என்று அவர்களால் பின்தொடர முடியும். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, தறியில் பிள்ளை அகப்பட்டால் வெளியே அனுப்பிவிட்டுக் கைகழுவுவதில்லை என்பது. குடும்பத்தைத் தேடிச் சேர்க்கிறார்கள், படிப்புக்கு உதவுகிறார்கள், வீட்டுக்குப் போக முடியாதவர்களைக் காத்மாண்டுவில் 'ஹாம்ரோ கர்' என்ற இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்து செங்கல் சூளைக்குத்தான் போகும்.

குறை உண்டு. ஒரு முத்திரையால் எல்லாத் தொழிலையும் கண்காணிக்க முடியாது. 2017-18 கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் சுமார் 11 லட்சம் பிள்ளைகள் உழைப்பில் இருந்தார்கள், பெரும்பாலோர் வயல் வேலையில். அங்கே முத்திரை ஒட்டப் பொருளும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. அதற்கு அரசாங்கமும் பள்ளிக்கூடமும் பெற்றோருக்கு ஒழுங்கான கூலியும்தான் வழி. அதற்காக இந்த முத்திரையை வீண் என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை, தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அது வீண் இல்லையே.

இணையத்தில் வாங்குவதென்றால் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பின்பக்கத்தை, முத்திரை எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு விற்ற கடைக்காரர் கேட்ட உடனே கம்பளத்தைப் புரட்டிக் காட்டினார். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.