லாலிபெலா போறீங்களா? யாராவது மணி சொன்னா உஷார்

எத்தியோப்பியால லாலிபெலான்னு சின்ன மலை ஊர், பாறையை மேல இருந்து கீழ குடைஞ்சு செஞ்ச 11 சர்ச் இருக்கு, 1978லயே யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்துட்டாங்க. 2020 ஜனவரில, அவங்க கிறிஸ்துமஸ் கூட்டம் கலைஞ்சப்புறம் போனேன். சர்ச்சைப் பத்தி ஒரு குறையும் இல்ல, கார்பெட்ல இருந்த தெள்ளுப்பூச்சி தவிர.

மேட்டர் என்னன்னா, மலை மேல அஷெட்டன் மரியம்னு ஒரு மடம், கோவேறு கழுதைல கூட்டிட்டுப் போறேன்னு ஒரு கைடு 800 பிர் அட்வான்ஸ் வாங்கினான், அப்ப நம்ம காசுக்கு 1,800 ரூபா கிட்ட. "நாளைக்கு ரெண்டு மணிக்கு ஹோட்டல் வாசல்ல நில்லுங்க"ன்னான். நானும் சாப்பிட்டுட்டு மத்தியானம் வெயில்ல நிக்கிறேன் நிக்கிறேன், ஆளும் இல்ல கழுதையும் இல்ல. போன் போட்டா, "காலைலயே வந்தேன், நீங்கதான் வரல, அட்வான்ஸ் திரும்ப வராது"ங்கிறான்!

அங்க மணிக்கணக்கே வேறங்க. நம்ம பழைய நாழிகை மாதிரி விடியல்ல இருந்து எண்றாங்க, நம்ம காலை 7 அவங்களுக்கு 1, நம்ம 8 அவங்களுக்கு 2. சரி, தெரியாம நடந்ததுன்னு விட்டிருப்பேன். ஆனா முந்தின நாள் இதே ஆள்தான் என் டிக்கெட்டைப் பாத்துட்டு "பதினொண்ணு பத்துக்கு ஃப்ளைட், எட்டரைக்கு கிளம்பணும், கார் நான் சொல்றேன்"னு நம்ம கணக்குலயே கரெக்டா சொன்னான். ரிசப்ஷன்ல சொன்னா அந்தப் பொண்ணு சிரிக்குது, போன வாரம் ஒரு ஜெர்மன்காரருக்கும் இதே ரெண்டு மணிதானாம்.

அன்னிக்கு சாயங்காலமே இன்னொண்ணு. ஸ்கூல் பையன் ஒருத்தன், காசு வேணாம் டிக்‌ஷனரி மட்டும் வாங்கிக் குடுங்கன்னு கெஞ்சி அவனே கடைக்கும் கூட்டிட்டுப் போனான். 450 பிர். பின் அட்டைல வட்டமா காபிக் கறை இருந்துச்சு, வேற காப்பி கேட்டேன், இல்லன்னுட்டாங்க. மறுநாள் காலைல அந்தக் கடையைத் தாண்டிப் போனா அதே ஷெல்ஃப்ல அதே கறையோட உக்காந்திருக்கு. உதவணும்னா நேரா ஸ்கூல்லயே போய்க் குடுங்க.

யார் மணி சொன்னாலும் "ஹபேஷா டைமா, ஃபெரெஞ்சி டைமா"ன்னு, அதாவது அவங்க ஊர் மணியா வெளிநாட்டுக்காரங்க மணியான்னு கேட்டுருங்க, பஸ்ஸுக்கும் இதேதான், ஃப்ளைட் டிக்கெட்ல மட்டும் நம்ம மணி. 2023ல இருந்து லாலிபெலா இருக்கிற அம்ஹாரா பக்கம் சண்டை வேற, முதல்ல அதைப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

மடத்துக்கு நடந்தே ஏறினேன், ஊரே 2,500 மீட்டர் உயரம், மூச்சு முட்டிருச்சு. பாதி வழில எதிர்ல நம்மாளு, ரெண்டு வெள்ளைக்காரங்களை கழுதைல இறக்கிட்டு வர்றான். கூச்சமே இல்லாம சலாம்னு கையாட்டிட்டுப் போறான்.