திருச்சியா, சென்னையா, இங்கேயேவா?

சிங்கப்பூரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்த குடும்பங்களில், ‘ஊருக்குத் திரும்பிப் போகலாமா’ என்ற பேச்சு ஒரு கட்டத்தில் ‘எங்கே, எப்போது’ என்று மாறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது அந்தக் கட்டம். அத்தை, அதாவது கணவரின் அம்மா, ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். மகன் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. நான்கு பேரும் இங்கே நிரந்தரவாசிகள், குடியுரிமை இல்லை. அத்தையை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்வது சரிப்படவில்லை. பன்னிரண்டாம் மாடியில் பேச ஆளில்லாமல் அவர் வாடிப்போனார், மருத்துவச் செலவுக்கும் அரசு மானியம் கிடையாது. மிச்சம் நான்கு வழிகள்.

சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது, உன் கணவர் இங்கே சம்பாதிக்கட்டும், நீ பிள்ளைகளோடு ஊருக்குப் போ என்பதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வரும், மத்திய சேம நிதி (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கட்டாயச் சேமிப்பு) சேரும், அத்தைக்கும் துணை. விமானத்தில் நான்கு மணி நேரம்தானே, மாதம் ஒருமுறை வந்துவிட்டுப் போகலாம் என்பார்கள். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் திருச்சி விமானத்துக்கு டிக்கெட் போட்டுப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளைகள் ஊரில் படித்துக்கொண்டே நிரந்தரவாசத்தையும் வைத்துக்கொண்டால், மகனுக்குத் தேசிய சேவை, அதாவது இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான ராணுவம், காவல் போன்ற சேவை, காத்திருக்கிறது என்பதால், 13 வயதானதும் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். ஊரில் இருந்துகொண்டே இங்குள்ள அலுவலகங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்போம். எனக்குத் தெரிந்த வீடுகளில் ‘ரெண்டே வருஷம்’ என்று தொடங்கிய இந்த ஏற்பாடு எதுவும் ரெண்டு வருஷத்தில் முடியவில்லை. அப்பா என்பவர் வாட்ஸ்அப்பில் மதிப்பெண் கேட்கிறவராக ஆகிவிடுகிறார்.

அப்புறம் சென்னை. இதுதான் என் கணவரின் முதல் தேர்வு. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அவருக்கு வேலை கிடைக்கும், எனக்கும் கிடைக்கும். ஆனால் யாருக்காகத் திரும்புகிறோம் என்று கேட்டால் சென்னை நிற்காது. சென்னையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ரயிலில் நாலைந்து மணி நேரம். இங்கிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஆவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தை நடு ராத்திரியில் வழுக்கி விழுந்தால் சென்னையிலிருந்தும் மறுநாள் காலையில்தான் போய்ச் சேருவோம். சிங்கப்பூரையும் விட்டு, அத்தை பக்கத்திலும் இல்லாமல், நடுவில் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்திருப்பதற்கா இவ்வளவு பாடு?

பள்ளி விஷயத்திலும் ஒரு வேடிக்கை. இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி. மகன் பள்ளியிலேயே தாய்மொழியாகப் படிக்கிறான். சென்னையில் நாங்கள் பார்த்து வைத்த சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் மூன்றாவது மொழி வந்துவிடும், பெரும்பாலும் இந்தி. மாநிலப் பாடத்திட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை, 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கைதான். எங்கே போனாலும் மாநிலப் பாடத்திட்டம் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

இங்கேயே இருந்துவிடுவதற்கு ஆதரவாக வீட்டில் முதலில் இரண்டு ஓட்டு, மகனுடையதும் என்னுடையதும். இரவு பதினொரு மணிக்கு எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி, போனைப் பார்த்துக்கொண்டே எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு நடந்து வருகிறேன். திருச்சியில் அது முடியாது என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் முடியாது. அதைவிட, இங்கே நான் கணக்காளர். ஊரில் முதலில் மருமகள், மற்றதெல்லாம் அப்புறம். அத்தை நல்லவர்தான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள், விசேஷம், சம்பிரதாயம் எல்லாம் என் தலையில்தான் விழும்.

இருந்தாலும் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மகன் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்ய வேண்டும், 18 வயதுக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. அதில் எனக்குப் பயம் இல்லை. சேவை முடித்துப் பொறுப்பாகத் திரும்பிய பிள்ளைகளை இதே புளோக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நாட்டுக்காகச் சீருடை போட்டவனுக்கு இதுதான் ஊர். அதன் பிறகு ‘நாம் திரும்பிப் போகிறோம்’ என்ற பேச்சில் அவனைச் சேர்க்க முடியாது, சேர்ப்பது நியாயமும் இல்லை. ஆகவே இருப்பது என்றால் மொத்தமாக இருப்பது. அதற்கு மனதைத் தயார் செய்யாமல் ஒவ்வொரு வருஷமும் ‘அடுத்த வருஷம்’ என்பதுதான் பலரும் செய்வது.

திருச்சிக்குப் போனால் நிரந்தரவாசத்தை விட வேண்டும். சேம நிதியில் இருப்பதை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், வீடு வாங்கும் அளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் தேசிய சேவை செய்யாமல் விட்டுப் போன பையன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். இதை அவனிடம் சொல்லிவிட்டோம். ‘அப்போ என்னைக் கேட்டீங்களா?’ என்றான். பதில் இல்லை. மகளுக்குப் பாட்டி வீட்டு நாய் போதும், அவள் நாளைக்கே கிளம்பத் தயார்.

என் கணக்கில் உண்மையான வழிகள் இரண்டுதான், இங்கே மொத்தமாக அல்லது திருச்சிக்கு மொத்தமாக. சென்னையும் ஆளுக்கொரு பக்கமும் யாரையும் முழுதாக இழக்காத மாதிரி தோன்றும், ஆனால் இரண்டு பக்கமும் அரைகுறையாக நிற்கும். அத்தைக்கு வயது ஏறுகிறது என்பதால் என் ஓட்டைத் திருச்சிக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறேன். திருச்சியில் தில்லை நகர்ப் பக்கம் தனி வீடு, அத்தை எங்களோடு வந்து இருக்கட்டும். நான் வீட்டிலிருந்தே சிங்கப்பூர் நிறுவனத்துக்குக் கணக்கு பார்ப்பேன், அந்த நேரத்தில் யாரும் காபி கேட்கக் கூடாது.

தேதியில்தான் இன்னும் ஒத்து வரவில்லை. மகன் அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கநிலை ஆறின் இறுதித் தேர்வை, எழுதிவிட்டு வரட்டும் என்கிறார் என் கணவர். அங்கே யாரும் கேட்கப்போகாத ஒரு தேர்வுக்கு ஒரு வருஷ டியூஷன் எதற்கு? இந்த நவம்பரில் பள்ளி முடிந்ததும் போனால், ஜூனில் அங்கே வகுப்பு தொடங்குவதற்குள் அவன் ஊர்ப் பையன்களோடு கிரிக்கெட்டாவது ஆடியிருப்பான்.