ஆண்களுக்குக் கதீட்டர்: கையுறை ஒரு ஜோடியா, இரண்டு ஜோடியா?

ஓஸ்கி (OSCE) என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வுக்கு, ஆண்களுக்குக் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) போடப் பழகும் மாணவர்கள் கையுறை விஷயத்தில் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரே ஜோடி ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கையுறையோடு, ஒரு கை சுத்தம், மறு கை அழுக்கு என்று பிரித்து முடிப்பவர்கள் ஒரு கட்சி. இரண்டு ஜோடி மாட்டி, சுத்தம் செய்தபின் மேல் ஜோடியைக் கழற்றுபவர்கள் இன்னொன்று. மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைச் செலுத்தியதும் பழையதைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புது ஜோடி போடுபவர்கள் மூன்றாவது. என் ஓட்டு முதல் கட்சிக்கு.

இரண்டு ஜோடி போடுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் மேல் ஜோடியைக் கழற்றிய பிறகும் ஆண்குறியை மறுபடி பிடித்துத்தானே ஆக வேண்டும்? தோலை எவ்வளவு துடைத்தாலும் அது ஸ்டெரைல் ஆகாது. பிடித்த நொடியில் அந்தப் புதுக் கையுறையும் அழுக்குக் கணக்குதான். ஆக, கைகளைப் பிரித்து வைக்கும் ஒழுங்கு எப்படியும் வேண்டும். 'இப்போது இரண்டு கையும் சுத்தம்' என்ற நினைப்பில் இடது கையால் கதீட்டரைத் தாங்கிப் பிடிப்பவர்கள் நிறைய. மார்க் போவது அங்கேதான். கழற்றும்போது உள் ஜோடி கிழியலாம், மேல் ஜோடியின் வெளிப்பக்கம் அதில் படலாம். அந்தத் தொல்லை வேறு.

ஒரு ஜோடி முறையில் வேலையெல்லாம் தொடும் முன்பே. கதீட்டர் நழுவாமல் பிடிக்க அதன் நுனியருகே இருக்கும் பலூனுக்கு 10 மி.லி. ஸ்டெரைல் தண்ணீர் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். கதீட்டரின் உள் உறையில் நுனிப் பக்கம் மட்டும் கிழித்து ட்ரேயில் வைத்துவிடுங்கள். அப்புறம் இடது கையில் காஸ் துணியோடு ஆண்குறியைப் பிடித்து (இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்), முன்தோலைப் பின்னுக்குத் தள்ளினால், கதீட்டர் உள்ளே போகும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது. துடைப்பது, ஜெல், கதீட்டர் மூன்றும் வலது கைக்கு. துடைப்பது துவாரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு இழுப்புக்கு ஒரு துணி. உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே செலுத்தினால் வலது கைகூடக் கதீட்டரில் படாது. கையுறையைவிட இந்த உறைதான் பெரிய காப்பு என்பேன்.

மூன்றாவது முறைக்கும் நியாயம் உண்டு. லிடோகெய்ன் ஜெல் வேலை செய்ய 3 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும்; வார்டில் அந்த நேரத்தில் கையுறையை நிதானமாக மாற்றலாம். தேர்வில் அந்த அவகாசம் கிடைக்காது. "5 நிமிடம் காத்திருப்பேன்" என்று வாயால் சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் உங்கள் செக்லிஸ்டில் கையுறை மாற்றச் சொல்லியிருந்தால் வாதமே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எந்தக் கட்சியானாலும் சரி, சிறுநீர் வந்தவுடனே பலூனை ஊதக் கூடாது. ஆணின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 20 செ.மீ.; கதீட்டரின் கிளை பிரியும் இடம்வரை உள்ளே தள்ளிய பிறகே தண்ணீர் செலுத்த வேண்டும், நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி. பலூன் குழாய்க்குள்ளேயே விரிந்தால் கிழித்துவிடும்.

கடைசியில் முன்தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டால் அது வீங்கி, இறுகி, பாராஃபைமோசிஸ் (முன்தோல் பின்னாலேயே மாட்டிக்கொள்வது) ஆகிவிடலாம். பல பயிற்சிப் பொம்மைகளில் முன்தோலே இல்லாததால் கை பழகுவதில்லை. அதனால் எக்ஸாமினர் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள்.