விமான நிலைய வாசலில் எந்த அட்டை கைகொடுக்கும்?

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வாலாஜாபேட்டையைத் தாண்டிய பிறகு அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தால், திரும்பிப் போய் எடுத்து வர நேரம் இருக்காது. ஆகவே எந்த அட்டையை எடுத்துச் செல்வது என்பதைப் பயணத்தன்று அல்ல, டிக்கெட் எடுக்கும் போதே முடிவு செய்துவிட வேண்டும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள ஓய்வூதிய அட்டை ஆகிய எதுவும் செல்லும். இருந்தாலும் பெயர் என்று வரும்போது அவை ஒன்றுபோல் இல்லை. நம் பக்கத்தில் தந்தை பெயர் இனிஷியலாகவே நிற்கிறது. டிக்கெட் பதிவோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. சென்ற ஆண்டு அப்பாவை டெல்லிக்கு அனுப்பியபோது, டிக்கெட்டில் தாத்தாவின் பெயரை முழுமையாக எழுதியிருந்தேன். ஆதாரிலோ ஓர் எழுத்துதான் இருந்தது. வாசலில் நின்ற காவலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து பான் அட்டையை எடுத்து நீட்டிய பிறகுதான் உள்ளே விட்டார். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்தெழுத வேண்டும் என்பதோடு, அட்டையில் தந்தை பெயரும் தனியே அச்சாகியிருக்கும்; இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஆதாரைவிடப் பானை மேலாகக் கருதுகிறேன். எதை எடுத்துச் சென்றாலும், அந்த அட்டையைப் பார்த்தே டிக்கெட்டில் பெயரை எழுதுங்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆதாருக்கும் பானுக்கும் அந்தக் கவலை இல்லை.

கைபேசியில் ஆதாரின் செயலியான எம்-ஆதாரையோ, அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் உள்ள ஆவணத்தையோ காட்டலாம். ஆனால் அட்டையைப் படம்பிடித்து வைத்திருப்பதும் ஜெராக்ஸும் செல்லாது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசி விமான நிலையங்களில் தொடங்கிய டிஜி யாத்ரா என்ற கைபேசிச் செயலி, ஆதாரைக் கொண்டு பதிந்த முகத்தையே அடையாளமாகக் கொள்வதால் வரிசை விரைவாக நகரும். ஆனால் அது கட்டாயமில்லை; கைபேசியில் பழக்கமில்லாத பெரியவர்களின் கையில் அசல் அட்டையைக் கொடுத்தனுப்புவதே எனக்கு நிம்மதி.

வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட்தான். நேபாளம், பூட்டானுக்கு மட்டும் வாக்காளர் அட்டையும் போதும். நேபாளத்துக்குப் புறப்படும் 15 முதல் 65 வயது வரையிலானவர்கள் ஆதாரை நம்பிக் கிளம்பினால் விமானம் ஏற முடியாது.