முதுகெலும்பு நீர்க்கட்டிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்தால் வால் எலும்புக்கு மேலே தீயாய் எரிகிறது. வீடு கட்டச் சேர்த்த பணம் மொத்தத்தையும் கொடுத்துச் சிகிச்சை எடுத்த பிறகு இந்த நிலைமை.

எனக்கிருப்பது டார்லோவ் நீர்க்கட்டி. 1938-இல் டார்லோவ் என்ற மருத்துவர் விவரித்த கட்டி. முதுகெலும்பின் அடியில், நரம்பு வேரின் உறையிலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஒரு தனியார் முதுகுவலி மையத்தில் என் எம்ஆர்ஐ படத்தைத் திரையில் போட்டு, அதிலிருந்த வெள்ளை உருண்டையைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார் மருத்துவர். "இதுதாங்க உங்க வலி. ஊசி போட்டு நீரை எடுத்துட்டா சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம். திரும்ப வராது." போன இடமெல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பிய வலிக்கு ஒருவர் இடத்தையே காட்டும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? அன்றைக்கே கட்டச் சொன்னார்கள், கட்டினேன்.

கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் அதே எரிச்சல். போன் செய்தால், "நரம்பு ஆற நேரமாகும்." அடுத்த முறை, "டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார்." கடைசியில், "எல்லாத்துக்கும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!" வீடு கட்டச் சேர்த்த பணம் மொத்தமும் போச்சு, பதில் சொல்ல ஆளில்லை.

வேறொரு நரம்பு அறுவை மருத்துவர்தான் விளக்கினார். தண்டுவட நீர் இந்தக் கட்டிக்குள் சுலபமாகப் போய்விடும், வெளியே வருவதுதான் கஷ்டம். அதனால் வெறுமனே உறிஞ்சினால் மறுபடி நிரம்புவது சகஜமாம். மறுபடி நிரம்பாமல் இருக்க, சிலர் உறிஞ்சியபின் ஃபைப்ரின் பசை (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதத்தாலான பசை) செலுத்துவார்கள். அறுவை செய்தாலும் கட்டியை அப்படியே வெட்டி எடுக்க முடியாது. அதன் சுவரிலேயே நரம்பிழைகள் ஓடுகின்றன. நுண்ணோக்கி வைத்துத் திறந்து, நீரை வடித்து, சுவரைச் சுருக்கித் தைப்பார்கள். அதிலும் நீர்க்கசிவு, தொற்று, சிறுநீர்ப்பை பாதிப்பு வரலாம். இந்தக் கட்டி இருக்கும் பெரும்பாலோருக்கு வலியே இருக்காது என்பதால், வலிக்குக் காரணம் இதுதானா, முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கியதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இதில் ஒரு வார்த்தையாவது அந்த மையத்தில் சொன்னார்களா?

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. 'திரும்ப வராது' என்று சொல்பவரிடம் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். மறுபடி நிரம்பினால் என்ன செய்வார்கள், அதற்கும் பணமா என்று எழுதி வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் படத்தைக் காட்டுங்கள். சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நின்றால் தலை வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.