ஊசி போட்டால் கழுத்து வீங்கும் குதிரைக்கு எந்த வழி?

தடுப்பூசி போட்ட மறுநாள் காலையில் லாயத்துக்குப் போனேன், தீவனம் அப்படியே கிடந்தது. எங்கள் பெண் குதிரை கழுத்தை மரக்கட்டை மாதிரி நீட்டியபடி நின்றது. பசி இல்லை என்று நினைத்துப் பதறினேன், ஆனால் வலியில் தரை வரைக்கும் குனிய முடியாததுதான் விஷயம். வாளியை நெஞ்சு உயரத்தில் மாட்டியதும் சாப்பிட ஆரம்பித்துவிட்டது.

இந்த மாதிரி வீக்கம், லேசான காய்ச்சல், சோர்வு எல்லாம் ஓரிரு நாளில் அடங்கிவிடும். உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், தள்ளாட்டம் என்றால் கதையே வேறு: அது அவசரம், உடனே மருத்துவர் வர வேண்டும், அடுத்த ஊசி உண்டா இல்லையா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்வது முதல் வகைக்கு மட்டும்.

பல நோய்களுக்கு ஒன்றாகப் போடும் கூட்டு ஊசியா, பிரித்துப் போடுவதா? கூட்டு ஊசியில் ஒரே குத்தோடு வேலை முடியும். ஆனால் வீங்கினால் டெட்டனஸா, ஃப்ளூவா, எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மூன்று நான்கு வார இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போட்டு, தேதி, பேட்ச் எண், எந்தப் பக்கம் குத்தினோம் என்று எழுதி வைத்தால் ஆள் அகப்பட்டுவிடும். எங்களுக்கு இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது, டெட்டனஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஃப்ளூ ஊசிக்குத்தான் வீக்கம். பல நேரம் கிருமியை விட, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டச் சேர்க்கும் துணைப்பொருள்தான் தொந்தரவு செய்யும் என்பதால், மருத்துவர் வேறு துணைப்பொருள் உள்ள தயாரிப்புக்கு மாற்றினார். செலவு கூடும், மருத்துவர் பல முறை வர வேண்டும், சில நோய்களுக்குத் தனி ஊசியே கிடைக்காது. இருந்தாலும் என் முதல் தேர்வு இதுதான்.

ஊசிக்கு முன்பே ஃப்ளூனிக்சின் அல்லது பியூட் (ஃபீனைல்பியூட்டசோன்) என்ற வலி, வீக்கம் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது அடுத்த வழி. வலி குறையும், உண்மைதான். ஆனால் காய்ச்சலும் மறைந்துவிடும், எந்த ஊசி என்ன செய்தது என்பது புரியாமலே போகும். போட்டிக்குப் போகும் குதிரை என்றால் மருந்துச் சோதனையில் மாட்டும். அதனால் காத்திருந்து, காய்ச்சல் ஏறினாலோ தீவனத்தைத் தொடாவிட்டாலோ மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொடுப்பதே மேல் என்பேன். (இயல்பான வெப்பநிலை 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம்.) ஒன்றை மறக்காதீர்கள், ஃப்ளூனிக்சினைத் தசையில் ஏற்றக் கூடாது. உயிரைப் பறிக்கும் தசைத் தொற்று வரலாம்.

இடத்தை மாற்றுவதும் உதவும். கழுத்து எல்லோருக்கும் வசதி, ஆனால் வலித்தால் சாப்பாடே கெடும். பின்தொடையின் பின்பக்கத் தசை பெரியது, அங்கே சீழ் பிடித்தாலும் கீழே வடிந்துவிடும், குத்துபவர் மட்டும் உதைக்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மேல்புட்டம் வேண்டவே வேண்டாம், அங்கே சீழ் வடிய வழியில்லை.

ஊசியைத் தவிர்த்து டைட்டர், அதாவது ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பல குதிரை நோய்களுக்கு 'இந்த அளவு இருந்தால் பாதுகாப்பு' என்று உறுதியான எண் கிடையாது. டெட்டனஸ் நச்சு குதிரையை எவ்வளவு மோசமாகத் தாக்கும் என்று தெரிந்தால் அந்த ஊசியைத் தவிர்க்க மனம் வராது. தொண்டைப் பக்க நிணநீர் முடிச்சுகளில் சீழ் கட்டும் ஸ்ட்ராங்கிள்ஸ் நோய் மட்டும் விதிவிலக்கு: டைட்டர் 1:3200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த ஊசி போடக் கூடாது, ரத்தக்குழாய் அழற்சி வரும் அபாயம் உண்டு. பாதி டோஸ் யோசனையை மறந்துவிடுங்கள், தடுப்பூசி அளவு உடல் எடையைப் பார்த்து வைத்ததில்லை.

எந்த வழியில் போனாலும் அடுத்த இரண்டு நாள் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள், வாளியை முதல் நாளே உயரத்தில் மாட்டுங்கள், நின்ற இடத்திலேயே விறைத்துப் போகாமல் மெதுவாக நடக்க விடுங்கள். இரண்டு வாரத்துக்குள் போட்டியோ நீண்ட பயணமோ இருந்தால் ஊசி போடும் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.