கோத்தகிரி முகவரிகளை மேப் புள்ளியாக மாற்றி மூன்று வருடம்

கோத்தகிரியில் பார்சல் டெலிவரி எடுத்து நடத்துகிறோம். மூன்று வருடமாக, வருகிற முகவரிகளை எக்செல்லில் போட்டு, ஒரு ஜியோகோடிங் சேவை மூலம் அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றிய பிறகுதான் வண்டி கிளம்புகிறது. கடைவீதி, பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் பிரச்சினையே இல்லை. படுகர் ஊர்களான ஹட்டிகளும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளும்தான் பாடாய்ப்படுத்தின.

முதல் மாதமே வெவ்வேறு ஊர்க்காரர்களின் பதினொரு பார்சல், தேயிலைக் காட்டுக்கு நடுவே ஒரே புள்ளியில் வந்து நின்றன. வீடு பிடிபடாவிட்டால் அந்தச் சேவை தெரியவில்லை என்று சொல்லாது. 643217 என்ற பின்கோடு பகுதிக்கு நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடும். கிடைத்தது வீடா, தெருவா, வெறும் பின்கோடா என்ற குறிப்பும் விடையோடு சேர்ந்தே வருகிறது. நாங்கள்தான் அதை எடுக்காமல் விட்டிருந்தோம். இப்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒருமுறை அட்சரேகை 11.42, தீர்க்கரேகை 76.86 இரண்டும் இடம் மாறி, புள்ளி வட துருவம் பக்கம் கடலில் போய் விழுந்தது. அது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். முந்நூறு மீட்டர் பிசகுவதுதான் ஆபத்து. மழை நாளில் ஒரு பாட்டிக்கு மருந்துப் பார்சல். வண்டி ஓட்டும் தம்பி போன் செய்தார்: "அண்ணா, வீடு கண்ணுக்குத் தெரியுது. ஆனா நடுவுல பள்ளம்." சுற்றிப் போக ஆறு கிலோமீட்டர். போய்ச் சேரும்வரை அந்தப் பாட்டி வாசலில் டார்ச்சை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். எனக்கு அன்று மனசே ஆறவில்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். முதல் தடவை போகும்போது வாசலில் நின்று, வீட்டுக்காரரிடம் கேட்டுப் புள்ளியைச் சேமிக்கிறோம். சில்வர் ஓக் மரத்தடியில் ஜிபிஎஸ் அலைபாயும். ஒரு நிமிடம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் அவசியம். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை நகரலாம், இங்கே அது வேறு ரோடு.

2025-இல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் எனக்குப் பிடித்திருக்கிறது. சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும், எண்ணும் கலந்த ஒரு பத்து எழுத்துக் குறியீடு. பார்சல் மேல் பேனாவால் எழுதிவிடலாம். ஆனால் எடுத்த புள்ளி தப்பென்றால் அதுவும் தப்புதான்.

புள்ளியோடு வழியையும் ஒரு வரி எழுதி வைக்கிறோம். பாட்டி வீட்டுக்கு: "பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கோயில் தாண்டி இடது இறக்கம்."